நான்கு வயதுப் பிள்ளைக்கு ஸ்கேட்டிங் வகுப்பு அவசியமா?

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது மூன்று மாதம். எல்.கே.ஜி. படிக்கிறான். பக்கத்து வீட்டுப் பிள்ளை மூன்றரை வயதிலேயே ஸ்கேட்டிங் பழகிப் பதக்கமெல்லாம் வாங்கியதைப் பார்த்து, இவனையும் இரண்டு மாதத்துக்கு முன்னால் ஓர் அகாடமியில் சேர்த்தோம். ‘ஐந்து வயதுக்குள் ஆரம்பித்தால்தான் மோட்டார் ஸ்கில் நன்றாக வரும், மூளையும் வேகமாக வளரும்’ என்கிறார் பயிற்சியாளர். ஆனால் இவன் கம்பியைப் பிடித்துக்கொண்டே நிற்கிறான். வகுப்பு நாளன்று காலையிலேயே வயிறு வலிக்கிறது என்கிறான். பந்தைப் போட்டால் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அடிக்கடி தடுக்கி விழுகிறான். செருப்புக் கடையில் தட்டைப் பாதம் என்று சொல்லி விலை அதிகமான ஷூ ஒன்றை வாங்கச் சொன்னார்கள். பென்சிலும் சரியாகப் பிடிப்பதில்லை. ஐந்து வயதானதும் கிரிக்கெட் பயிற்சியில் சேர்க்க வேண்டும் என்பது என் கணவரின் ஆசை. என் மாமியாரோ, ‘பிள்ளையைத் தெருவில் விடு, எல்லாம் தானாக வரும்’ என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? – ஒரு வாசகி, நாமக்கல்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஸ்கேட்டிங் வகுப்பை இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். உங்கள் மகனிடம் குறை இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நீங்கள் எதை வளர்க்க வேண்டும் என்று நினைத்து அவனைச் சேர்த்தீர்களோ அதை அந்த வகுப்பு இந்த வயதில் அவ்வளவாக வளர்ப்பதில்லை என்பதால் சொல்கிறேன். பயிற்சியாளர் சொன்னதிலும் உங்கள் மாமியார் சொன்னதிலும் பாதிப் பாதி உண்மை இருக்கிறது. குழந்தைகளுக்கான இயன்முறை மருத்துவராக என்னிடம் வரும் பெற்றோர்களில் பலர் இந்த இரண்டு பாதிகளுக்கும் நடுவில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

முதலில் பந்தை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் அதிகம் கவலை தெரிவது அங்கேதான். மூன்று வயதுப் பிள்ளை பந்து பிடிக்க நின்றால் இரண்டு கைகளையும் விறைப்பாக முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். பந்து கையில் பட்டோ நெஞ்சில் பட்டோ தெறித்து ஓடும், அது நெருங்கும் நொடியில் பிள்ளை கண்ணை மூடி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நான்கு வயதை ஒட்டி, முழங்கையை மடக்கிப் பந்தை நெஞ்சோடு அள்ளி அணைத்துக்கொள்ளத் தொடங்கும். உடம்பின் துணையில்லாமல் உள்ளங்கைகளால் மட்டும் பிடிப்பது ஐந்து, ஆறு வயதில்தான் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருகிறது. தன்னை நோக்கி நேராக வரும் பொருளின் வேகத்தைக் கண்ணால் அளந்து அதற்கேற்பக் கையைக் கொண்டுபோவது அத்தனை சிக்கலான வேலை. முகத்தைத் திருப்பிக்கொள்வது அந்த வழியில் இருக்கும் ஒரு படி. உங்கள் மகன் முதல் படியிலிருந்து இரண்டாம் படிக்கு ஏறும் இடத்தில் நிற்கிறான். சற்றுப் பின்தங்கியிருக்கலாம், அவ்வளவுதான்.

ஒற்றைக் காலில் சில நொடி நிற்பது மூன்று வயதிலும், ஒற்றைக் காலால் சில தடவை தொடர்ந்து குதிப்பது நான்கு, நான்கரை வயதிலும், கால் மாற்றி மாற்றித் துள்ளி ஓடுவது ஐந்து, ஆறு வயதிலும் வருவது வழக்கம். நொண்டியடிப்பதிலும் துள்ளுவதிலும் பெண் பிள்ளைகள் சில மாதம் முந்திக்கொள்வார்கள், எறிவதில் பையன்கள் முந்திக்கொள்வார்கள். ஆகவே பக்கத்து வீட்டுப் பிள்ளையை அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

இனிப் பயிற்சியாளரின் வாதம். சீக்கிரம் ஆரம்பித்தால் சீக்கிரம் வரும் என்பதைச் சோதித்துப் பார்த்த ஒரு பழைய ஆய்வு உண்டு. அமெரிக்காவில் அர்னால்டு கெசல் என்ற குழந்தை வளர்ச்சி ஆய்வாளர் 1929இல் உடன் பணியாற்றிய தாம்சனோடு சேர்ந்து ஓர் இரட்டைப் பெண் குழந்தைகளை வைத்து இதைச் செய்தார். ஒரு குழந்தைக்கு 46ஆவது வாரத்திலிருந்து ஆறு வாரம் நாள்தோறும் படியேறப் பயிற்சி கொடுத்தார்கள். மற்றக் குழந்தையைப் படிக்கட்டின் பக்கமே விடவில்லை. 53ஆவது வாரத்தில் அந்த இரண்டாவது குழந்தையைக் கொண்டுவந்து விட்டபோது, அது யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஏறியது. இரண்டே வாரப் பயிற்சியில் உடன்பிறந்தவளுக்குச் சமமாக வந்துவிட்டது. உடம்பும் நரம்பு மண்டலமும் தயாராவதற்கு முன் கொடுக்கும் பயிற்சியில் பெரும்பகுதி வீண் என்பதற்கு இதைத்தான் பாடப்புத்தகங்களில் காட்டுவார்கள்.

ஆனால் இதை வைத்துக்கொண்டு உங்கள் மாமியார் சொல்வதே முழுச் சரி என்று முடிவுகட்டிவிடவும் முடியாது. படியேறுவது எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்தே தீருகிற திறன். எறிவது, பிடிப்பது, உதைப்பது, நொண்டியடிப்பது போன்றவை அப்படியல்ல. அவற்றின் முரட்டு வடிவம் தானாக வரும், செம்மையான வடிவம் பழக்கத்தாலும் யாராவது காட்டிக்கொடுப்பதாலும்தான் வரும். பந்தைச் சரியாக எறியத் தெரியாத பெரியவர்கள் நம் வீடுகளிலேயே எத்தனை பேர்! பள்ளி முன்பருவப் பிள்ளைகளையும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளையும் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றாக அலசி 2012இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, இந்த அடிப்படைத் திறன்களைச் சொல்லிக்கொடுத்த குழுக்களில் முன்னேற்றம் தெளிவாகத் தெரிந்ததாகவும், சும்மா விளையாட விட்ட குழுக்களில் அப்படித் தெரியவில்லை என்றும் காட்டியது. உங்கள் மாமியார் காலத்துத் தெருவில் சொல்லிக்கொடுக்க அண்ணன்களும் அக்காக்களும் இருந்தார்கள். நாலு வயதுப் பிள்ளையை ‘உப்புக்குச் சப்பாணி’யாகச் சேர்த்துக்கொண்டு, அவுட் ஆக்காமல், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார்கள். அவர் நினைவில் வைத்திருப்பது அந்தத் தெருவை. இன்றைக்கு உங்கள் வாசலில் பைக்குகள்தான் ஓடுகின்றன.

அப்படியானால் வகுப்பில் சொல்லித்தருகிறார்களே, அது போதாதா என்று கேட்பீர்கள். அடுத்த முறை எந்த வகுப்புக்குப் போனாலும் ஓர் ஓரமாக உட்கார்ந்து, ஒரு மணி நேரத்தில் உங்கள் மகன் உண்மையில் எத்தனை நிமிடம் அசைகிறான், எத்தனை முறை அவனுடைய முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். வரிசையில் நிற்பது, ஷூவை மாட்டுவது, கழற்றுவது, மற்றவன் முறை முடியக் காத்திருப்பது போக மிஞ்சுவது பல வகுப்புகளில் பத்து நிமிடம்கூடத் தேறாது. சிறு பிள்ளைக்குத் திறன் வளர்வது முயற்சியின் எண்ணிக்கையால். நியூயார்க்கில் 12 முதல் 19 மாதம் வரையிலான குழந்தைகள் விளையாடுவதைப் பதிவுசெய்து எண்ணிய ஆய்வாளர்கள், சராசரியாக ஒரு மணி நேரத்தில் அவை 2,368 அடி எடுத்து வைப்பதாகவும் 17 முறை விழுவதாகவும் 2012இல் எழுதினார்கள். நடை பழகியது எந்த வகுப்பிலும் இல்லை. அந்த இரண்டாயிரத்துச் சொச்சம் அடிகளில், விதவிதமான தரைகளில், விழுந்தால் யாரும் திட்டாத ஒரு சூழலில். நான்கு வயதில் பந்தும் நொண்டியும் வருவதற்கும் அதே கணக்குத்தான்.

இன்னொன்றும் உண்டு. இயக்கத் திறன் என்பது வங்கியில் போட்ட பணம்போல எங்கே வேண்டுமானாலும் எடுத்துச் செலவழிக்கக் கூடியதல்ல. ஸ்கேட்டிங் பழகுகிறவனுக்கு முதலில் வருவது ஸ்கேட்டிங். கூடவே சமநிலை கொஞ்சம் மேம்படலாம். பந்து பிடிக்கவும் பென்சில் பிடிக்கவும் அது கற்றுத்தராது. சின்ன வயதில் விளையாட்டு வகுப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கு இயக்கத் திறன் கூடுதலாக இருப்பதைக் காட்டும் ஆய்வுகள் இருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் இயல்பிலேயே துறுதுறுவென்று இருக்கும் பிள்ளையைத்தான் பெற்றோர் சேர்க்கிறார்கள், அந்தப் பிள்ளைதான் தொடர்ந்தும் போகிறது. தடுமாறும் பிள்ளை வயிற்றுவலி என்று சொல்லி இரண்டு மாதத்தில் நின்றுவிடுகிறது. எது காரணம், எது விளைவு என்று பிரித்தறிவது அவ்வளவு எளிதல்ல. மூளை வேகமாக வளரும் என்ற பேச்சைப் பொறுத்தவரை, ஆறு வயதுக்குள் மூளை பெரியவர்களின் அளவில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை எட்டிவிடுவது எல்லாப் பிள்ளைகளுக்கும் நடப்பது. சக்கரம் கட்டிக்கொண்டால் அது விரையும் என்பதற்கு ஆதாரம் கிடையாது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2019இல் வெளியிட்ட அறிக்கையில், விதிமுறையும் போட்டியும் கொண்ட விளையாட்டுகளுக்குப் பிள்ளைகள் பொதுவாக ஆறு வயதை ஒட்டித்தான் தயாராகிறார்கள் என்கிறது. காரணம் எலும்பும் தசையும் மட்டுமல்ல. ‘இங்கிருந்து போய், அந்தக் கூம்பைச் சுற்றி, வலது பக்கமாக வந்து, கடைசியில் நில்’ என்ற நான்கு கட்டளைகளை மனத்தில் வைத்துக்கொண்டு, சமநிலையையும் காத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவன் தள்ளாமலும் பார்த்துக்கொள்வது நான்கு வயதுக்கு மிகை. செய்ய முடியாத ஒன்றைப் பத்துப் பேர் முன்னால் செய்யச் சொன்னால் நமக்கே வயிற்றைக் கலக்கும். அவன் வயிற்றுவலி பொய்யல்ல. இந்த வயதுப் பிள்ளைகளைக் கூட்டிவந்து மணிக்கணக்கில் சுற்றவிட்டு ‘சாதனை’ என்று சான்றிதழ் கொடுக்கும் நிகழ்ச்சிகளைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். அந்தச் சான்றிதழ் யாருக்குத் தேவைப்படுகிறது என்பது அங்கே கேமராவோடு நிற்பவர்களைப் பார்த்தாலே தெரியும்.

வீட்டில் என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். ஐந்து ரூபாய்க்கு ஒரு பலூன் வாங்குங்கள். பலூன் மெதுவாக இறங்கும். கண் அதைத் தொடரவும் கை போய்ச் சேரவும் நேரம் கிடைக்கும். முகத்தில் பட்டால் வலிக்காது. ஒரு வாரம் அதைத் தரையில் விழாமல் தட்டி விளையாடட்டும். பிறகு காற்றுக் குறைவாக அடித்த பெரிய பிளாஸ்டிக் பந்து. நீங்கள் அவனுக்கு ஒன்றரை மீட்டர் தூரத்தில் நின்று, கையைக் கீழிருந்து வீசி, மெல்லிய வளைவாக அவன் நெஞ்சுக்கே போடுங்கள். அணைத்துப் பிடித்தால் அதுவே வெற்றி. அதற்கு அப்புறம் பழைய துணியைச் சுருட்டிக் கட்டிய துணிப்பந்து. டென்னிஸ் பந்துக்கு அவசரமில்லை, அது கடைசியில் வரட்டும்.

எறிவதற்கு ஒரு சின்ன உத்தி. பழைய சாக்ஸுகளை உருட்டிக்கொள்ளுங்கள், வீட்டில் எதுவும் உடையாது. சிறு பிள்ளை முதலில் சுவருக்கு நேராக நின்று, காலை அசைக்காமல் முழங்கையை மட்டும் உதறி எறியும். கொஞ்சம் வளர்ந்ததும், எந்தக் கையால் எறிகிறதோ அந்தப் பக்கத்துக் காலையே முன்னால் வைக்கும். வலக்கையால் எறியும்போது இடக்கால் முன்னால் வருவதும், இடுப்பும் தோளும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்புவதும்தான் முதிர்ந்த எறிதல். அவன் வலக்கைக்காரன் என்றால், பக்கவாட்டில் நிற்கவைத்து, இடக்கால் வைக்க வேண்டிய இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுங்கள். ‘குறி பார்த்து எறி’ என்று சொல்லாதீர்கள்; குறி என்றதும் பிள்ளை விறைத்துப்போய்க் கையை மட்டும் ஆட்டும். ‘சுவர் நடுங்குகிற மாதிரி எறி’ என்று சொல்லுங்கள். ஓங்கி எறிய முயலும்போது உடம்பு தானாகத் திரும்பும்.

கூடவே பாண்டி ஆடுங்கள். எங்கள் துறையில் மூன்று தனித்தனிப் பயிற்சிகளாகக் கொடுப்பதை அந்த ஓர் ஆட்டம் செய்துவிடுகிறது: சில்லைக் கட்டத்துக்குள் அளவாகப் போடும்போது கைக்கட்டுப்பாடு, நொண்டியடித்துக் கோட்டை மிதிக்காமல் போகும்போது காலின் வலுவும் குதித்து இறங்கும் பக்குவமும், ஒற்றைக் காலில் நின்றபடி குனிந்து சில்லை எடுக்கும்போது சமநிலை. அவன் வயதுக்குக் கட்டங்களைப் பெரிதாக வரைந்து, தேவைப்படும் இடத்தில் இரண்டு காலையும் ஊன்ற விடுங்கள். கல்லா மண்ணா, ஓடிப்பிடித்து, குனிந்து நிற்கும் அப்பாவின் முதுகில் கையூன்றித் தாண்டும் பச்சைக்குதிரை எல்லாம் நல்லவை. வேளாவேளைக்கு அட்டவணை போட வேண்டாம். மூன்று, நான்கு வயதுப் பிள்ளை நாளொன்றுக்கு மொத்தம் 180 நிமிடம் ஏதாவது ஒரு வகையில் அசைந்துகொண்டிருக்க வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல், போனும் டி.வி.யும் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. மாடிப்படி, கடைக்கு நடந்து போவது, வாளியில் தண்ணீர் சுமப்பது எல்லாம் அந்த 180இல் சேர்த்திதான்.

தட்டைப் பாதம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இந்த வயதில் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பாதம் தட்டையாகத்தான் தெரியும். உள்வளைவு ஆறு வயதைத் தாண்டியும் உருவாகிக்கொண்டிருக்கும். குதிகாலை உயர்த்தி நுனிக்காலில் நிற்கச் சொல்லிப் பாருங்கள். அப்போது வளைவு தெரிந்தால், வலியும் இல்லையென்றால், சிறப்பு ஷூ எதுவும் தேவையில்லை. கர்நாடகத்தைச் சேர்ந்த எலும்பு மருத்துவர்கள் 4 முதல் 13 வயது வரையிலான 2,300 பிள்ளைகளின் பாதத் தடங்களை எடுத்து 1992இல் வெளியிட்ட ஆய்வில், காலணி அணிந்து வளர்ந்தவர்களில் 8.6 விழுக்காட்டினருக்கும் வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 விழுக்காட்டினருக்கும் மட்டுமே தட்டைப் பாதம் இருந்தது. விரல்களை மூடும் ஷூ அணிந்தவர்களிடம்தான் அது அதிகம். வீட்டுக்குள்ளும் சுத்தமான மணலிலும் அவன் வெறுங்காலோடு ஓடட்டும். அந்த ஷூவுக்கு வைத்திருந்த பணம் மிச்சம்.

பென்சில் விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். மூன்று விரல் பிடி பலருக்கு ஐந்து, ஆறு வயதில்தான் நிலைபெறுகிறது. முருங்கைக்கீரை உருவுவது, பட்டாணி உரிப்பது, சப்பாத்தி மாவில் உருண்டை பிடிப்பது, கோலப்பொடியால் புள்ளி வைப்பது ஆகியவற்றில் அவனையும் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.

தடுக்கி விழுவதை மட்டும் சற்றுக் கவனமாகப் பார்க்க வேண்டும். ஓடும்போது வேறெங்கோ பார்த்ததால் விழுகிறானா, செருப்பு பெரிதாக இருப்பதால் விழுகிறானா, அல்லது சமதளத்தில் சும்மா நடக்கும்போதே விழுகிறானா என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். கண் பரிசோதனை ஒரு முறை செய்துவிடுவது நல்லது. பின்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள்: தரையில் உட்கார்ந்தவன் எழும்போது குப்புறத் திரும்பி, கைகளை முழங்காலிலும் தொடையிலும் படிப்படியாக ஊன்றி, தன் உடம்பின்மேல் தானே ஏறுவதுபோல் எழுவது, கெண்டைக்கால் வயதுக்கு மீறிப் பருத்துத் தெரிவது, எப்போதும் நுனிக்காலில் நடப்பது, உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பலவீனமாக இருப்பது, முன்பு செய்துகொண்டிருந்ததை இப்போது செய்ய முடியாமல் போவது. பையன்களுக்கு வரும் ஒருவகைத் தசைநோய் இந்த வயதில்தான் இப்படித் தலைகாட்டும் என்பதால் இதை எழுதுகிறேன். அது அரிது, உங்கள் கடிதத்தில் அதற்கான அறிகுறி எதையும் நான் பார்க்கவில்லை. இவை எதுவும் இல்லாமலே, ஐந்து வயதைத் தாண்டிய பிறகும் சட்டைப் பொத்தான் போடுவது, படியிறங்குவது, பந்து பிடிப்பது என்று எல்லாவற்றிலும் ஒத்த வயதுப் பிள்ளைகளைவிட வெகுவாகப் பின்தங்கினால், இயக்க ஒருங்கிணைவுக் குறைபாடு இருக்கிறதா என்று சோதிக்கலாம். பள்ளி வயதுப் பிள்ளைகளில் 5 முதல் 6 விழுக்காட்டினருக்கு அது உண்டு; சோம்பேறி, மந்தம் என்று திட்டு வாங்கிக்கொண்டே வளர்கிறார்கள். பயிற்சி கொடுத்தால் நன்றாக முன்னேற முடியும்.

உங்கள் கணவருக்கு: அவர் ஆசையில் தவறில்லை, ஆனால் ஐந்து வயதில் அதற்கு அகாடமி வேண்டாம், அவரே போதும். 160 கிராம் எடையுள்ள தோல்பந்தும் தோளுயர மட்டையும் பிள்ளையின் கைக்குத் தவறான பிடியைத்தான் பழக்கும். இலேசான பிளாஸ்டிக் மட்டை, பெரிய ஸ்பான்ஜ் பந்து, மொட்டை மாடி, மாலையில் இருபது நிமிடம். பந்தைத் தரையோடு உருட்டிவிட்டு அடிக்கவைப்பதில் தொடங்கலாம். ஆறு, ஏழு வயதில் அவனாகவே கேட்டால் சேருங்கள். சேர்த்தாலும் கிரிக்கெட் ஒன்றிலேயே ஆண்டு முழுவதும் கட்டிப்போடாதீர்கள். ஒரே விளையாட்டில் மட்டும் தீவிரப் பயிற்சி எடுப்பதைப் பதினைந்து வயதுவரைகூடத் தள்ளிப்போடலாம் என்பதே 2016இல் அந்த அமெரிக்கக் கழகம் சொன்ன ஆலோசனை. வளரும் எலும்பின் நுனியில் இருக்கும் குருத்தெலும்புக்கு, ஒரே அசைவை ஆயிரக்கணக்கான முறை தாங்கும் வலு கிடையாது. எட்டு வயதுக்கு மேல் குதிகால் வலியோடு என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் ஒற்றை விளையாட்டுக்காரர்கள்.

காசு கொடுத்து ஒரு வகுப்பில் சேர்த்தே ஆக வேண்டும் என்று வீட்டில் பேச்சு வந்தால், என் ஓட்டு நீச்சலுக்கு. அதுவும் போட்டிக்காக அல்ல. கிணறும் வாய்க்காலும் காவிரியும் உள்ள ஊர்ப்பக்கம் இருக்கிறீர்கள்; இந்த வயதுப் பிள்ளைகள் நீச்சல் கற்பது மூழ்கும் ஆபத்தைக் குறைக்கும். நீந்தத் தெரிந்தாலும் தண்ணீர்ப் பக்கம் பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தே தீர வேண்டும்.

வாங்கிய ஸ்கேட்டிங் ஷூவைப் பரணில் போட்டுவிடாதீர்கள், அவன் கண்ணில் படும் இடத்திலேயே இருக்கட்டும். அவனாக எடுத்து மாட்டிக்கொள்ள ஆசைப்படும் நாளில், ஹெல்மெட்டும் மணிக்கட்டுக் காப்பும் போட்டு, கையைப் பிடித்து வாசல் சிமெண்டுத் தரையில் பத்து நிமிடம் விடுங்கள். ஸ்கேட்டிங்கில் முதலில் முறிவது மணிக்கட்டுத்தான் என்பதால் அந்தக் காப்பை மட்டும் தவறவிடாதீர்கள். ஆறு மாதத்தில் ஆசை வராவிட்டால், அதற்குள் அளவும் சிறிதாகியிருக்கும். கேட்கிற பிள்ளை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.